வீட்டில் கட்டும் விமானத்துக்குச் சத்தம் குறைந்த சைலன்சர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கல்பட்டைத் தாண்டி வேடந்தாங்கல் போகும் வழியில், ஒரு மாந்தோப்பு ஓரம் எங்கள் ஷெட் இருக்கிறது. சென்னையிலிருந்து நாலு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் போய், ஒற்றை இருக்கை விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். விமானம் இன்னும் பறக்கவில்லை. எஞ்சின் மட்டும் இரும்பு ஸ்டாண்டில் ஓடுகிறது. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் எஞ்சினை மாற்றியமைத்தது; 1835 சி.சி., நான்கு சிலிண்டர், காற்றில் குளிர்வது. கியர் இல்லாமல் நேராகவே புரொப்பல்லரைச் சுற்றுகிறது. புரொப்பல்லருக்கு இரண்டு இறக்கை, விட்டம் 1.5 மீட்டர், முழு வேகம் நிமிடத்துக்கு 3300 சுற்று. சைலன்சர் வேலை என் பொறுப்பு. பார்க்க வரும் மாணவர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். எண்கள் எல்லாம் இந்த எஞ்சினுக்கானவை. உங்களுடையதற்குக் கணக்கை நீங்களே திரும்பப் போட வேண்டும்.

மஃப்ளரா, சைலன்சரா?

இரண்டும் ஒன்றுதான். புதுப்பேட்டையிலோ அம்பத்தூரிலோ போய் மஃப்ளர் என்று கேட்டால் ஒரு நொடி யோசிப்பார்கள், சைலன்சர் என்றால் உடனே எடுத்துக் காட்டுவார்கள். அதனால் சைலன்சர் என்றே எழுதுகிறேன்.

ஒரு சின்ன விமானத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

வேண்டும். சைலன்சர் இல்லாமல் எஞ்சினை முதல் தடவை ஓட்டிய அன்று, தோப்புக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். கோபப்படவில்லை. "தம்பி, மாடு கயித்த அத்துக்கிட்டு ஓடுது" என்று மட்டும் சொன்னார். இன்னும் கொஞ்ச தூரத்தில் இருக்கும் வேடந்தாங்கலில், பறவைகள் மிரளக்கூடாது என்று ஊர்மக்கள் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. அப்படிப்பட்ட வட்டாரத்தில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் ஆசைக்காக ஊரை அலற வைப்பது சரியில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தோம்.

கணக்காகவும் பார்க்கலாம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். எஞ்சினிலிருந்து 10 மீட்டரில் 95 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மீட்டரில் 89, 40-இல் 83 என்று இறங்கிக்கொண்டே போய் 640 மீட்டரில் 59 ஆகும். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பு வைத்திருக்கின்றன. ஆக, அரை கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் வீட்டுக்கும் நாம் தொந்தரவுதான். எஞ்சின் பக்கம் 6 டெசிபல் குறைத்தால் அந்த வட்டத்தின் ஆரம் பாதியாகும், பரப்பு கால்வாசியாகும். எத்தனை வீடுகள் வட்டத்துக்கு வெளியே போய்விடும் என்று எண்ணிப் பார்த்தால், மெனக்கெடுவது வீண் இல்லை என்று தெரியும்.

சைலன்சர் மாட்டினால் விமானம் அமைதியாகிவிடுமா?

ஓரளவுதான். விமானத்தில் சத்தம் இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று புகைபோக்கி, இன்னொன்று புரொப்பல்லர். சைலன்சர் முதலாவதை மட்டும்தான் தொடும்.

புரொப்பல்லரின் நுனி வேகத்தைப் பாருங்கள். 1.5 மீட்டர் விட்டம், நொடிக்கு 55 சுற்று. நுனி நொடிக்கு 259 மீட்டர் ஓடுகிறது. 30 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் சுமார் 349 மீட்டர். அதாவது நுனி ஒலி வேகத்தில் 74 சதவீதத்தைத் தொடுகிறது. இதற்கு மேலே போகப் போகப் புரொப்பல்லரின் இரைச்சல் வேகமாக ஏறும். அந்த நிலையில் என்ன சைலன்சர் வைத்தாலும் காது வித்தியாசம் சொல்லாது.

டெசிபல் கூட்டலும் இங்கே முக்கியம். புரொப்பல்லர் 88, புகைபோக்கி 88 என்றால் இரண்டும் சேர்ந்து 91 வரும். புகைபோக்கியை அடியோடு அடக்கினாலும் 88 அப்படியே நிற்கும். மாதக் கணக்கில் உழைத்ததற்கு 3 டெசிபல்தான் லாபம். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாதவர்கள் சைலன்சர் மேல் பழி போடுவார்கள்.

அப்படியானால் எது எவ்வளவு என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

காதை வைத்துப் பிரிக்க முடியாது. அதற்கு ஒரு சுவாரசியமான காரணம் உண்டு. நான்கு ஸ்ட்ரோக், நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. இரண்டு இறக்கைப் புரொப்பல்லர் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை காற்றை அறைகிறது. கியர் இல்லாவிட்டால் இரண்டும் ஒரே சுருதி. 3300 சுற்றில் இரண்டுமே 110 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 110 துடிப்பு. கருவியில் பார்த்தாலும் ஒரே இடத்தில் ஒரே முள்தான் தெரியும். மூன்று இறக்கை மாட்டினால் புரொப்பல்லர் 165-க்குப் போய்விடும், அப்போது பிரியும். ரோட்டாக்ஸ் 912 விமான எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது, அதில் கியர்பாக்ஸ் இருக்கிறது.

நாங்கள் செய்தது எளிய வழி. 200 லிட்டர் எண்ணெய் டிரம் ஒன்றை உள்ளே நன்றாகக் கழுவிக் காயவைத்து, பாதி மண்ணில் புதைத்தோம். புகைக் குழாயை நீட்டி அதற்குள் விட்டு, மறுபக்கம் பெரிய வாய் வைத்தோம். பறக்கும் விமானத்தில் அதைத் தூக்கிப் போக முடியாதுதான். ஆனால் தரைச் சோதனையில் புகைச் சத்தம் கிட்டத்தட்ட மறைந்துவிடும். மிஞ்சுவது புரொப்பல்லரும் எஞ்சினின் உலோகச் சத்தமும். அந்த அளவுதான் உங்கள் சைலன்சருக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச வெற்றி. அதற்குக் கீழே போக வேண்டுமானால் புரொப்பல்லரை மாற்ற வேண்டும். விட்டத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், இறக்கையைக் கூட்டலாம், சுற்றைக் குறைக்கலாம்.

இன்னொன்று: விமானம் நின்ற இடத்தில் ஓடும்போது புரொப்பல்லர் இறக்கைகள் காற்றைச் சரியாகப் பிடிக்காமல் தடுமாறும். அதனால் தரையில் கேட்கும் புரொப்பல்லர் சத்தம் பறக்கும்போது இருப்பதைவிடக் கடுமையாகவே இருக்கும்.

புல்லட் சைலன்சரை மாட்டிவிட்டால் போதாதா?

சென்னையில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. திருவொற்றியூரில் 1956-இலேயே புல்லட் செய்யத் தொடங்கிவிட்டார்கள், எல்லார் வீட்டிலும் ஒரு பழைய சைலன்சர் கிடக்கும். ஆனால் பழைய புல்லட் எஞ்சின் 346 சி.சி. எங்கள் எஞ்சின் அதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். 1.835 லிட்டர், 3300 சுற்று, இரண்டு சுற்றுக்கு ஒரு மூச்சு. நிமிடத்துக்குச் சுமார் 3000 லிட்டர். சிலிண்டர் 80 சதவீதம் நிரம்புவதாக வைத்தால் நொடிக்கு 40 லிட்டர் காற்று. சூட்டில் அது மூன்று மடங்கு விரிந்து 120 லிட்டராக வெளியே வருகிறது. புல்லட் சைலன்சரில் அதைத் திணித்தால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும்.

அதைவிடப் பெரிய வித்தியாசம் உழைப்பில் இருக்கிறது. அண்ணா சாலையில் போகும் வண்டி சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஆறும். விமான எஞ்சின் ஏறினதிலிருந்து இறங்கும்வரை முக்கால் பங்கு சக்தியில் மணிக்கணக்காக ஓடும். அந்தச் சூட்டுக்கு வண்டிச் சைலன்சர் செய்யப்படவில்லை.

நான்கு குழாய்களையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டுமா?

முடிந்தால் கட்டாயம் சேருங்கள். தனித்தனியாக விட்டால் ஒவ்வொரு குழாயும் நொடிக்கு 27 முறை துப்பாக்கி போல வெடிக்கும். சேர்த்தால் துடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சீராக விழும், 110 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சுருதிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். சைலன்சர் இல்லாமலேயே காதுக்கு நல்ல வித்தியாசம் தெரியும்.

பலர் செய்வது போல வலதுபக்க இரண்டை ஒரு குழாயிலும் இடதுபக்க இரண்டை இன்னொன்றிலும் சேர்த்தால் பலன் பாதிதான். ஃபோக்ஸ்வேகனின் வெடிப்பு வரிசை 1-4-3-2. ஒன்றும் இரண்டும் வலது, மூன்றும் நாலும் இடது. ஆக வலது, இடது, இடது, வலது என்று வெடிக்கிறது. ஒரு பக்கக் குழாயில் இரண்டு வெடி அடுத்தடுத்து வரும், பிறகு நீண்ட இடைவெளி. அந்த நொண்டி நடைதான் கடகடவென்று கேட்கிறது. ஒன்றையும் மூன்றையும், இரண்டையும் நாலையும் எஞ்சினுக்கு அடியில் குறுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தால் இடைவெளி சமமாகும். இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.

டப்பாவின் அளவை எப்படித் தீர்மானிப்பது?

சத்தத்தைக் குறைப்பது தடுப்பு இல்லை, கொள்ளளவு. குறுகிய குழாயில் வரும் அழுத்த அலை திடீரென்று அகலமான அறைக்குள் நுழையும்போது ஒரு பங்கு திரும்பி வந்த வழியே போகிறது. அறை எவ்வளவு அகலமோ அவ்வளவு திரும்பும். குழாயின் வாய்ப் பரப்பையும் அறையின் பரப்பையும் ஒப்பிட்டால் வரும் விகிதம்தான் இங்கே முதல் எண். எங்கள் குழாய் 45 மி.மீ., டப்பா 135 மி.மீ. விட்டம் மூன்று மடங்கு, பரப்பு ஒன்பது மடங்கு.

இரண்டாவது எண் நீளம். இதற்கு ஒலியின் வேகம் தெரிய வேண்டும். சூடான புகையில் ஒலி வேகமாக ஓடும். டிகிரியோடு 273-ஐக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 20-ஆல் பெருக்குங்கள். 500 டிகிரிக்கு நொடிக்குச் சுமார் 560 மீட்டர். 110 ஹெர்ட்ஸில் அலைநீளம் 5 மீட்டருக்கு மேல். அறை முழுப் பலன் தர அதில் கால்வாசி, அதாவது 1.27 மீட்டர் நீளம் வேண்டும். விமானத்தின் மூக்கில் அவ்வளவு இடம் ஏது? நாங்கள் 40 செ.மீ. எடுத்தோம். அந்த நீளத்துக்குக் கணக்குப் போட்டால் 110 ஹெர்ட்ஸில் 7 டெசிபல், 220-இல் 12, 350-இல் 13 டெசிபல் வரை அடங்கும். அடிச்சுருதிக்குக் கொஞ்சம்தான், மேலே போகப் போக நன்றாக அடங்குகிறது. காதை உறுத்துவதும் மேல்சுருதிதான் என்பதால் இந்தப் பேரம் மோசமில்லை.

கொள்ளளவு 5.7 லிட்டர். ஒரு மி.மீ. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டில் டப்பா மட்டும் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். அந்த எடை மூக்கில் உட்காருகிறது என்பதை மறக்காமல் எடைச் சமநிலைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலி டப்பாவில் சில சுருதிகள் அப்படியே தப்பித்துப் போகும் என்கிறார்களே?

உண்மை. டப்பாவின் நீளம் அரை அலைநீளத்துக்குச் சமமாகும் இடத்தில் அறை இருப்பதே அலைக்குத் தெரியாது. 40 செ.மீ. டப்பாவில் அது 700 ஹெர்ட்ஸ், பிறகு 1400, 2100, 2800. இதற்கு அழகான தீர்வு ஒன்று உண்டு. உள்ளே வரும் குழாயை டப்பா நீளத்தில் பாதிவரை, 20 செ.மீ., உள்ளே நீட்டுங்கள். வெளியே போகும் குழாயைக் கால்வாசி, 10 செ.மீ., உள்ளே நீட்டுங்கள். நீட்டிய குழாயைச் சுற்றியிருக்கும் காலி இடமே ஒரு ஒலிப்பொறியாக வேலை செய்து 700, 2100 ஆகியவற்றைப் பிடிக்கும். பத்து செ.மீ. நீட்டியது 1400-ஐப் பிடிக்கும். 2800 மட்டும் தப்பும். குழாய் முனையில் ஒலிக்கு நீளம் சற்றுக் கூடித் தெரியும் என்பதால், கணக்கைவிடக் கொஞ்சம் குட்டையாக வெட்ட வேண்டியிருக்கும்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் முஞ்சால் சைலன்சர் ஒலியியலில் பல பத்தாண்டுகள் உழைத்தவர். அதற்கு இன்று உலகம் முழுக்க மதிப்பு இருக்கிறது. கணக்கை ஆழமாகப் படிக்க விரும்பும் மாணவர்களுக்கு வழி பக்கத்து ஊரிலேயே இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை.

அந்த 110 ஹெர்ட்ஸ் உறுமலைத் தனியாகப் பிடிக்க முடியுமா?

முடியும். வெறும் பாட்டில் வாயில் ஊதினால் ஒரே ஒரு சுருதி வருகிறதல்லவா, அதே விஷயம்தான். புகைக் குழாயின் பக்கவாட்டில் ஒரு மூடிய டப்பாவைக் குட்டைக் கழுத்தோடு ஒட்டினால், அது தன் சுருதியை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும். 3 லிட்டர் டப்பா, 6 செ.மீ. கழுத்து, கழுத்தின் உள்விட்டம் 19 மி.மீ. என்றால் 560 மீட்டர் வேகத்தில் 110 ஹெர்ட்ஸுக்குப் பொருந்தும்.

ஆனால் அந்தப் பக்க டப்பாவுக்குள் புகை ஓடுவதில்லை, தேங்கித்தான் நிற்கிறது. அதனால் அது சைலன்சரைவிடக் குளிர்ந்திருக்கும். 300 டிகிரிதான் இருந்தால் ஒலி வேகம் 480-க்கு இறங்கி, சுருதி 94 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். கணக்கில் வந்த கழுத்தை அப்படியே வெல்டு செய்துவிடாமல், இரண்டு மூன்று அளவில் கழுத்துகளைத் திருகு மாட்டிச் செய்து சோதித்துப் பாருங்கள். எந்தச் சுற்றில் அதிக நேரம் பறப்பீர்களோ அந்தச் சுற்றுக்குத்தான் இதைச் சுருதி சேர்க்க வேண்டும். மற்றச் சுற்றுகளில் இதனால் பெரிய பலன் இல்லை.

உள்ளே துளையிட்ட தடுப்புத் தகடுகள் வைத்தால் இன்னும் அடங்குமே?

என் முதல் சைலன்சர் அப்படித்தான் இருந்தது. மூன்று தடுப்புகள், ஒவ்வொன்றிலும் துளைகள் மாறி மாறி. ஓட்டிய முதல் நாள் எல்லாரும் கைதட்டினார்கள். அவ்வளவு அமைதி.

பதினோராவது மணி நேரத்தில், 3300-இல் நின்றுகொண்டிருந்த முள் தானாக 3100-க்கு இறங்கியது. சத்தம் மூக்கடைத்த மாதிரி மாறியது. உடனே நிறுத்தினோம். ஆறிய பிறகு கழற்றிக் குலுக்கினால் கிலுகிலுப்பை. கிரைண்டர் வைத்து நீளவாக்கில் அறுத்துத் திறந்து மேஜையில் வைத்தோம். நடுத்தகடு வெல்டு ஓரமாக முக்கால் வட்டம் கிழிந்து, வெளியே போகும் குழாயின் வாயில் மூடி போலச் சாய்ந்திருந்தது. தகட்டின் ஓரம் உராய்ந்து உராய்ந்து வெள்ளிக்காசு மாதிரி பளபளத்தது, மற்ற இடமெல்லாம் பழுப்புக் கரி. நாங்கள் அன்று ஸ்டாண்டில் இருந்தோம். வானத்தில் இருந்திருந்தால் அந்த மூடி இன்னும் அரை அங்குலம் நகர்ந்ததும் எஞ்சின் நின்றிருக்கும்.

கிழிந்ததற்குக் காரணம் எளிது. தகட்டின் நடு புகையில் நேராகக் காய்கிறது, ஓரம் வெளிக்காற்றில் குளிரும் டப்பாவோடு ஒட்டியிருக்கிறது. நடு விரியப் பார்க்கும், ஓரம் விடாது. அதன்மேல் நொடிக்கு 110 அடி. மணிக்குக் கிட்டத்தட்ட 4 லட்சம் அடி. எந்த வெல்டும் எத்தனை நாள் தாங்கும்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்களுக்கு ஆர்கான் வெல்டிங் செய்துகொடுக்கும் பெரியவரிடம் அறுத்த டப்பாவைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், உள்ள எதை வெச்சாலும் ஒருநாள் உடையும். உடைஞ்சா அது எங்க போய் விழும்னு மொதல்ல பாத்துக்குங்க." அதற்குப் பிறகு நான் வரைந்த ஒவ்வொரு படத்திலும் முதலில் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன். உடைந்தால் எங்கே போகும்? வெளிவாயை அடைக்கும் என்றால் அந்த வடிவம் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் வேண்டாம்.

கண்ணாடி இழை, பாறைக் கம்பளி திணிக்கலாமா?

துளைக் குழாயைச் சுற்றி இழை திணித்தால் மேல்சுருதிகள் நன்றாக அடங்கும். அடிச்சுருதிக்கு ஏதும் செய்யாது. எண்ணெய்ப் புகை ஏறி ஏறி இழை கட்டியாகும், இல்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்து வெளியே போகும். மாற்றுவதற்கு டப்பாவைத் திறக்கும்படி செய்ய வேண்டும், திறக்கும் இடமெல்லாம் கசியும் இடம். நான் வைக்கவில்லை.

சைலன்சர் எஞ்சினின் சக்தியைத் தின்றுவிடாதா? பின்னழுத்தத்தை எப்படி அளப்பது?

புகை தடையில்லாமல் வெளியேற முடியாதபோது எஞ்சினை எதிர்த்துத் தள்ளும் அழுத்தம்தான் பின்னழுத்தம்; அது ஏறினால் சக்தி குறையும். உங்கள் எஞ்சின் கையேட்டில் அதற்கு எல்லை கொடுத்திருந்தால் அதுதான் சட்டம். அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் லெவல் டியூப் போதும். எஞ்சினிலிருந்து குழாய் கிளம்பும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிறு நட்டை வெல்டு செய்து, அதிலிருந்து ஒரு மீட்டர் செம்புக் குழாயைச் சுருளாக இழுங்கள். சூடு அதிலேயே ஆறிவிடும். அதன் முனையில் லெவல் டியூபை மாட்டி, ஆங்கில 'யு' வடிவில் பலகையில் கட்டி, பாதிவரை கலர் தண்ணீர் விடுங்கள். இரண்டு பக்க நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர் என்றால் 0.1 பார். முழுச் சக்தியில் தண்ணீர் டியூபைவிட்டு வெளியே பீய்ச்சினால் வடிவம் தப்பு.

அழுத்தம் ஓட்டத்தின் வர்க்கமாக ஏறும். சுற்று 10 சதவீதம் கூடினால் அழுத்தம் 20 சதவீதம் கூடும். அதனால் குறைந்த சுற்றில் அளந்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். குழாயில் புகையின் வேகத்தையும் பாருங்கள். எங்களுடைய 120 லிட்டர் 45 மி.மீ. குழாயில் நொடிக்கு 75 மீட்டர் ஓடுகிறது. 100-ஐத் தாண்டவிடுவதில்லை என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட எல்லை. அதற்கு மேலே போனால் புகையே குழாயில் சீறிப் புதுச் சத்தத்தைக் கிளப்பும்.

எந்த உலோகம்? எங்கே வாங்குவது?

கடற்காற்றில் மைல்டு ஸ்டீல் வேண்டவே வேண்டாம். எஸ்.எஸ். 304 எளிதில் கிடைக்கும், வெல்டு செய்யவும் சுலபம். 321 இன்னும் நல்லது. சுமார் 425 முதல் 850 டிகிரி வரையிலான சூட்டில் நெடுநேரம் இருந்தால் 304-இல் குரோமியம் கரியோடு சேர்ந்து படிக ஓரங்களில் ஒதுங்கிவிடும், அங்கே விரிசல் தொடங்கும். 321-இல் இருக்கும் டைட்டானியம் அதைத் தடுக்கிறது. சைலன்சர் வேலை செய்வது சரியாக அந்தச் சூட்டில்தான்.

பாரிமுனையில் செம்புதாஸ் தெருவில் குழாய்கள் எல்லா அளவிலும் கிடைக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காந்தம் ஒட்டாவிட்டால் 304 என்று நம்பி ஏமாற வேண்டாம். கேட்டுக்கும் கைப்பிடிக்கும் போடும் 202-லும் காந்தம் ஒட்டாது. அது நிக்கல் குறைவான சரக்கு, இந்தச் சூட்டுக்கு ஆகாது. டெஸ்ட் சர்டிஃபிகேட் கேளுங்கள், தர மறுத்தால் அடுத்த கடை. நான் ஒருமுறை சர்டிஃபிகேட் கேட்காமல் வாங்கி, இரண்டே வாரத்தில் துருப்பொட்டு வந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

தகட்டில் அளவு குறிக்கப் பென்சில் பயன்படுத்தாதீர்கள். சூடேறும்போது அந்தக் கரி உலோகத்துக்குள் ஏறி, கோடு போட்ட இடத்திலேயே விரிசல் விடும். ஜிங்க் பூசிய கருவிகளும் ஆகாது. ஸ்கெட்ச் பேனா போதும்.

வெல்டிங், மாட்டும் முறை பற்றிச் சொல்லுங்களேன்.

ஆர்கான் வெல்டிங்தான். வெளியே மட்டும் ஆர்கான் போனால் போதாது, குழாயின் உள்ளேயும் விட வேண்டும். இல்லாவிட்டால் தையலின் உள்பக்கம் கருகிப் பொரிபொரியாக நிற்கும், விரிசல் அங்கேதான் பிறக்கும். 304-க்கு 308எல் கம்பி, 321-க்கு 347 கம்பி. டப்பாவின் இரண்டு முனைகளையும் தட்டையாக விடாமல் லேசாகக் குழிந்த மூடியாகச் செய்யுங்கள். தட்டை மூடி தவில் மாதிரி அதிர்ந்து தானே ஒலி எழுப்பும்.

மாட்டுவதில் செய்யும் தவறுதான் அதிகம் சைலன்சர்களைக் கொல்கிறது. ஒரு மீட்டர் எஸ்.எஸ். குழாய் 600 டிகிரி சூடானால் ஏறக்குறைய 10 மி.மீ. நீளும். எஞ்சினோ ரப்பர் மவுண்டில் ஆடிக்கொண்டிருக்கிறது. டப்பாவை ஃபயர்வாலில் (எஞ்சினையும் விமானியையும் பிரிக்கும் தடுப்புச் சுவர்) இறுகப் பிடித்து, குழாயை எஞ்சினில் இறுகப் பிடித்தால் நடுவில் ஏதாவது ஒன்று உடைந்துதான் தீரும். டப்பா முழுவதையும் எஞ்சினிலேயே தொங்கவிடுங்கள். இல்லையென்றால் இடையில் ஸ்பிரிங் வைத்த பந்து மூட்டு போடுங்கள். ஸ்பிரிங் உடைந்தால் பறந்து போய்ப் புரொப்பல்லரில் படாதபடி ஒவ்வொன்றுக்குள்ளும் லாக் வயர் ஓட வேண்டும்.

சூட்டைத் தடுக்கத் துணி நாடா சுற்றலாமா?

வேண்டாம். நாடாவுக்குள் உலோகம் இன்னும் அதிகமாகக் காயும், நம் ஊர் ஈரமும் உப்பும் அதில் ஊறி உட்காரும், விரிசல் வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பெட்ரோல் குழாய், வயர் இருக்கும் பக்கம் ஓர் அங்குலம் தள்ளி மெல்லிய தகட்டுத் தடுப்பு வைத்தால் போதும்.

சைலன்சரைச் சுற்றி உறை போட்டு, அந்தச் சூட்டைப் பயன்படுத்திக்கொள்கிறார்களே?

குளிர் நாடுகளில் விமானியின் அறைக்கு வெந்நீர்ப் பானை போல அதிலிருந்துதான் சூடான காற்று எடுப்பார்கள். டப்பாவில் முடி அளவு விரிசல் விட்டாலும் கார்பன் மோனாக்ஸைடு நேராக மூக்குக்கு வரும். ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் ஆசையாக அதைப் பிடித்துக்கொள்ளும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. சென்னையில் அறைக்குச் சூடு எதற்கு? அந்த உறையை விட்டுவிடுங்கள்.

ஆனால் கார்பரேட்டருக்குச் சூடான காற்று நமக்கும் வேண்டும். ஈரக்காற்றில் 30 டிகிரி வெயிலிலும் கார்பரேட்டருக்குள் பனி கட்டும், அதுவும் சுற்றைக் குறைத்து இறங்கும்போது. அந்த உறையை டப்பாமேல் போடாமல் ஏதாவது ஒரு தனிக் குழாய்மேல் போடுங்கள். வாரம் ஒருமுறை கழற்றி அடியில் பார்க்க முடிய வேண்டும். இருக்கை அருகே கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கைக் கருவியும் கண்டிப்பாக வேண்டும்.

போன் ஆப் வைத்து டெசிபல் அளந்தால் சரியாக இருக்குமா?

முன்னுக்கும் பின்னுக்கும் ஒப்பிடலாம், தனி எண்ணாக நம்ப வேண்டாம். பெரும்பாலான ஆப்கள் ஏ எடையில் காட்டும். அது மனிதக் காதைப் போல அடிச்சுருதியைக் குறைத்துக் காட்டுவது, 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபல் கழித்துவிடும். உறுமல் அப்படியே இருக்கும்போது ஆப் மட்டும் நல்ல செய்தி சொல்லும். அடிச்சுருதியை அவ்வளவாகக் கழிக்காத சி எடைக்கு மாற்ற முடிந்தால் இரண்டையும் எழுதிவையுங்கள். எப்போதும் அதே சுற்று, அதே 10 மீட்டர், முன், பக்கம், பின் என மூன்று இடம். கடல்காற்று ஏறுவதற்கு முன், காலையில் அளப்பது நல்லது.

எங்களுடையது டூ-ஸ்ட்ரோக்.

அதில் இருக்கும் வயிறு பெருத்த குழாய் எஞ்சினின் ஓர் உறுப்பு. அதன் அளவைத் தொடாதீர்கள். அதற்குப் பின்னால் சிறிய டப்பா ஒன்றைச் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அனுமதி?

பறக்கும் எதற்கும் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு இயக்குநரகம்) உண்டு. சான்று பெற்ற விமானத்தில் சைலன்சரை நம் இஷ்டத்துக்கு மாற்றவே கூடாது. வீட்டில் கட்டுவதற்கும் படம், எடை, சோதனைக் குறிப்பு எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். 1910-இலேயே டி ஏஞ்சலிஸ் என்ற சென்னை ஹோட்டல்காரர் தன் சொந்த வடிவமைப்பில் சிம்ப்சன் பட்டறையில் விமானம் செய்யச் சொல்லிப் பல்லாவரத்தில் பறந்த ஊர் இது. அவர் காலத்தில் கேட்க ஆளில்லை. இன்று கேட்கிறார்கள், கேட்பது நம் உயிருக்காகத்தான்.

கடைசியில் நீங்கள் மாட்டியிருப்பது என்ன?

நான்கும் ஒன்றாகச் சேர்ந்த 45 மி.மீ. குழாய், 135-க்கு 400 மி.மீ. டப்பா, 321 தகடு 1 மி.மீ., முனைகள் குழிந்தவை. உள்ளே தடுப்பு கிடையாது. வரும் குழாய் 19 செ.மீ., போகும் குழாய் 9 செ.மீ. உள்ளே நீண்டிருக்கின்றன. வரும் குழாயின் முனையை மூன்று கால் வைத்துத் தாங்கியிருக்கிறேன். அந்தக் கால்கள் டப்பாவோடு வெல்டு இல்லை, சறுக்கும். போகும் குழாயின் உள்வாயைப் பேனா நிப் மாதிரி சாய்வாக வெட்டிக் குறுக்கே ஒரு கம்பி வைத்திருக்கிறேன். எந்தத் துண்டு உடைந்து வந்து சாய்ந்தாலும் வாய் முழுதாக அடைபடாது. தடுப்புத் தகடு வைத்த முதல் சைலன்சரைவிட இது சற்றுச் சத்தம்தான். டிரம் வைத்து அளந்த எல்லைக்கு 2 டெசிபல் மேலே நிற்கிறது.

இப்போது 60 மணி நேரம் ஓடியிருக்கிறது. முதல் மணி முடிந்ததும், பிறகு ஐந்தாவது மணியில், அதற்கப்புறம் ஒவ்வொரு 25 மணிக்கும் கழற்றிக் குலுக்குகிறேன், டார்ச் அடித்துப் பார்க்கிறேன், வெளிவாயை அடைத்து மறுமுனையில் காற்றை விட்டு வெல்டுமேல் சோப்பு நுரை தடவுகிறேன். போன மாதம் சேர்ப்புக் குழாயின் கவட்டையில் ஒரு குமிழி வந்தது. அந்த இடத்தில் ஒரு முக்கோணத் தகடு சேர்க்க அம்பத்தூருக்குக் கொடுத்திருக்கிறேன்.